ஹர்டில்ஸில் சர்வதேச அளவுக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

2020 ஜனவரியில் கர்நாடகாவின் மூடபித்ரியில் நடந்த அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் இந்திய வீராங்கனை ஜோதி யாராஜி 100 மீட்டர் ஹர்டில்ஸை, அதாவது தடை தாண்டும் ஓட்டத்தை, 13.03 விநாடியில் ஓடினார். அப்போதைய தேசிய சாதனை 13.38. அனுராதா பிஸ்வால் 2002இல் ஓடியது, அதுவரை யாரும் முறியடிக்காதது. ஆனாலும் அந்த 13.03 சாதனையாகப் பதிவாகவில்லை, சாதனைக்குக் கட்டாயமான ஊக்கமருந்துப் பரிசோதனை அங்கே நடக்கவில்லை என்பதால். 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் ஃபெடரேஷன் கோப்பை, அங்கே 13.09 ஓடினார். பின்காற்று விநாடிக்கு 2.1 மீட்டர், விதி அனுமதிப்பது 2.0. அதுவும் போச்சு. அடுத்த மாதம் சைப்ரஸில் லிமாசோல் என்ற ஊரில் 13.23 ஓடினார். முந்தைய இரண்டையும் விட மெதுவான ஓட்டம்தான், ஆனால் காற்று சரி, டைமிங் கருவி சரி, பரிசோதனை சரி, அதனால் புதிய தேசிய சாதனை அதுதான் ஆனது.

ஹர்டில்ஸ் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். வேகமாக ஓடுவது ஒரு பாதி. அந்த ஓட்டம் கணக்கில் சேரும்படி பார்த்துக்கொள்வது இன்னொரு பாதி, அதை நம் ஊர் மைதானங்களில் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டையும் இங்கே எழுதுகிறேன். 13 முதல் 19 வயது வரை இருக்கிற பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, பள்ளியில் பயிற்சி தரும் பி.இ.டி. ஆசிரியர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் எந்த ஹர்டில்ஸ் என்று முடிவு செய்யுங்கள்

பெண்களுக்கு 100 மீட்டர், ஆண்களுக்கு 110 மீட்டர், அப்புறம் இருவருக்கும் 400 மீட்டர். மூன்றிலும் தடைகள் பத்துதான், ஆனால் 400 வேறு விளையாட்டு என்றே சொல்லலாம். அங்கே தடை தாழ்வு, இடைவெளி 35 மீட்டர், மூச்சும் கணக்கும்தான் முக்கியம். கோயம்புத்தூரின் இரட்டைச் சகோதரிகளைப் பாருங்கள். வித்யா ராம்ராஜ் 400க்குப் போய், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பி.டி. உஷா 1984இல் ஓடிய 55.42 என்ற தேசிய சாதனையைச் சமன் செய்து வெண்கலமும் வென்றார். அக்கா தங்கை இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், நித்யா ராம்ராஜ் அதே ஹாங்சோவில் 100 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடினார். எனவே உடலமைப்பையோ வீட்டையோ பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பிள்ளை முதல் 30 மீட்டரில் சீறிப் பாய்கிறதா, அல்லது கடைசி 100 மீட்டரில் மற்றவர்கள் தளரும்போது தளராமல் வருகிறதா என்று ஒரு சீசன் கவனித்தால் தெரிந்துவிடும்.

உயரம் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். உயரம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2022இல் யூஜீனில் 12.12 ஓடி உலக சாதனை வைத்த நைஜீரியாவின் டோபி அமுசான் 5 அடி 2 அங்குலத்தை ஒட்டியவர்தான். உயரம் குறைவு என்று ஒரு பெண் பிள்ளையை ஹர்டில்ஸிலிருந்து ஒதுக்குகிற ஆசிரியரிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். ஆண்களில் கொஞ்சம் கடினம், தடையே 106.7 சென்டிமீட்டர், இடுப்புக்கு மேலே வந்துவிடுகிறது, அதனால் 5 அடி 9 அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்கள் மிகவும் உழைக்க வேண்டியிருக்கும்.

இனி இந்தக் கட்டுரை 100, 110 பற்றி மட்டும்.

இடையில் மூன்று ஸ்டெப், அதில்தான் எல்லாமே

பெண்கள் தடை 83.8 சென்டிமீட்டர் உயரம். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13 மீட்டர், தடைக்கும் தடைக்கும் 8.5 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 10.5 மீட்டர். ஆண்களுக்கு முறையே 13.72, 9.14, 14.02. இந்த எண்களை மனப்பாடம் செய்யுங்கள், ஏனென்றால் பள்ளி மைதானத்தில் தடை வைக்கும்போது நீங்களே டேப் பிடித்து அளந்தால்தான் சரியாக இருக்கும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒரு நல்ல வீராங்கனை தடைக்கு சுமார் 2 மீட்டர் முன்னால் காலை எடுத்து, தாண்டி சுமார் 1 மீட்டர் தள்ளி இறங்குகிறார். 8.5 மீட்டரில் 3 போனால் மிச்சம் ஐந்தரை. அதை மூன்று ஸ்டெப்பில் கடக்கிறார் என்றால் ஒரு ஸ்டெப்புக்கு 1.8 மீட்டர் சொச்சம்தான் கிடைக்கிறது. அதே பெண் சமதளத்தில் 100 மீட்டர் ஓடும்போது ஒரு ஸ்டெப் 2 மீட்டருக்கு மேல் போகும். அதாவது முழு வேகம் வந்துவிட்டால் இடம் போதாது, கால்களைச் சுருக்கி வேகமாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நெருக்கமான படிக்கட்டில் ஒவ்வொரு படியாக வேகமாக ஓடி இறங்குகிறவரின் கால் எப்படி மாறுகிறதோ அப்படி. நன்றாக நீட்டி ஓடுகிற ஸ்பிரிண்டர்கள் பலர் ஹர்டில்ஸுக்கு வந்து திணறுவது இதனால்தான். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை நேர் எதிர், இடைவெளி அவர்களுக்கு அதிகமாக இருக்கும், மூன்று ஸ்டெப்பில் எட்டாமல் நான்கு ஐந்து வைப்பார்கள்.

எனவே ஆரம்பத்தில் விதிப்படி இடைவெளி வைக்கவே வைக்காதீர்கள். பிள்ளை எந்த இடைவெளியில் மூன்று ஸ்டெப்பைத் தடுமாறாமல் வைக்கிறதோ அந்த இடைவெளி, அது 6.5 மீட்டராக இருந்தாலும் சரி. தடையை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். ரிதம் பழகிய பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், அப்புறம்தான் உயரம். இந்த வரிசையை மாற்றி முதலில் உயரத்தைக் கூட்டுகிறவர்கள் பிள்ளைக்குப் பயத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தப் பயம் ஒருமுறை உள்ளே போய்விட்டால் தடைக்கு முன்னால் உடம்பு தானாகப் பின்வாங்கும், அதைச் சரிசெய்ய வருடங்கள் ஆகும்.

உலக அளவில் ஓடுகிறவர்களும் பயிற்சியில் இடைவெளியைக் குறைத்துத்தான் வைக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. போட்டியில் பரபரப்பும் எதிராளியும் இருப்பதால் வேகம் கூடும், பயிற்சியில் அது வராது, ஆகவே 8.5க்குப் பதில் 8.2, 9.14க்குப் பதில் 8.7 என்று வைத்தால்தான் போட்டியில் வருகிற அந்த வேகமான கால் மாற்றம் பயிற்சியிலும் கிடைக்கும்.

தாண்டுவது பற்றி. தாவாதீர்கள், ஓடிக்கொண்டே கடந்து போங்கள். முன்னால் போகும் காலில் முழங்கால்தான் முதலில் மேலே வர வேண்டும், பாதத்தை வீசி உதைத்தால் கால் நீண்டு இறங்குவது தாமதமாகும். பின்னால் வரும் கால், அதாவது ட்ரெயில் லெக், அக்குளை நோக்கி முழங்காலை இழுத்துக்கொண்டு வந்து நேராக முன்னால் இறங்க வேண்டும். பக்கவாட்டில் சுற்றி வந்தால் அடுத்த ஸ்டெப் கோணலாகி லேனை விட்டு வெளியே தள்ளும். தடையின் மேலே தலை உயர்ந்து இறங்குகிறதா என்று பக்கத்திலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள். தலை ஏறக்குறைய ஒரே கோட்டில் போனால் சரி.

ஓட்டம் தொடங்கும்போது காலை ஊன்றும் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் எந்தக் கால் முன்னால் என்பதில் இன்னும் பல பள்ளிகளில் குழப்பம் இருக்கிறது. முதல் தடைக்கு எட்டு ஸ்டெப் வைப்பவராக இருந்தால், தடையில் தரையை உந்தும் காலை முன் பிளாக்கில் வையுங்கள், கணக்கு சரியாக வரும். ஏழு ஸ்டெப் என்றால் மாற்றி வைக்க வேண்டும். பெண்கள் பெரும்பாலும் எட்டு. ஆண்களில் இப்போது முன்னணியில் இருப்பவர்கள் பலர் ஏழு. கியூபாவின் டைரான் ரோப்ளெஸ் ஏழு வைத்து 2008இல் 12.87 ஓடினார், அமெரிக்காவின் ஏரீஸ் மெரிட் எட்டிலிருந்து ஏழுக்கு மாறிய பிறகுதான் 2012இல் லண்டன் ஒலிம்பிக் தங்கமும் பிரஸல்ஸில் 12.80 என்ற உலக சாதனையும் வந்தன. இதைப் படித்துவிட்டு 16 வயதுப் பையனை ஏழுக்கு மாற்ற வேண்டாம். ஏழு ஸ்டெப்பில் முதல் தடையை எட்டப் பெரிய பலம் வேண்டும், மெரிட்டே பல வருடம் எட்டு வைத்து ஓடியவர்தான்.

மொபைலை வைத்தே செய்யக்கூடிய ஒரு வேலை

ஒரு பயிற்சியாளருக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பக்கவாட்டில், பார்வையாளர் படிக்கட்டின் உயரத்தில் நின்று முழு ஓட்டத்தையும் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு தடையையும் தாண்டி முதல் கால் தரையைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இதை டச் டவுன் என்பார்கள். 13.0 விநாடி ஓட வேண்டிய பெண்ணுக்கு முதல் டச் டவுன் 2.6 விநாடியை ஒட்டி வர வேண்டும், அப்புறம் ஒவ்வொரு தடைக்கும் சராசரி 1.03, கடைசித் தடைக்குப் பிறகு 1.1 சொச்சம். கூட்டிப் பாருங்கள், 13 வரும். 14.0 ஓடுகிற பிள்ளைக்கு எங்கே ஒரு விநாடி போகிறது என்று இந்தத் தாளே சொல்லிவிடும். பெரும்பாலும் முதல் ஐந்து தடை வரை நன்றாக வந்து, ஏழாவதிலிருந்து ஒவ்வொன்றும் 1.10, 1.13, 1.16 என்று இழுக்கும். அப்படியென்றால் தாண்டும் முறையில் குறை இல்லை, வேகத்தைத் தாங்குகிற பலம் போதவில்லை என்று பொருள். பன்னிரண்டு தடை வைத்து ஓட விடுங்கள், 150, 200 மீட்டர் ஓட்டங்களைக் கூட்டுங்கள். முதல் தடையே 2.8க்கு வந்தால் ஸ்டார்ட் பலவீனம். நோய் எது என்று பார்க்காமல் தினமும் பத்துத் தடை முழுசாக ஓட விடுவதால் பயனே இல்லை, வாரத்தில் இரண்டு நாள், சில நேரம் மூன்று நாள் ஹர்டில்ஸ் போதும், அதிலும் பாதி நாட்கள் முதல் மூன்று தடைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை, இதில் சமரசமே வேண்டாம். தடையின் அடிக்கால்கள் ஓடி வருகிறவர் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் கால் பட்டால் தடை முன்னோக்கிச் சாயும். திருப்பி வைத்த தடை சாயாது, ஆளைத்தான் கவிழ்க்கும். விதிப்படி தடையின் மேற்கட்டையில் 3.6 முதல் 4 கிலோ வரையிலான விசை பட்டால் கீழே விழ வேண்டும். நம் பள்ளிகளில் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த இரும்புத் தடைகள் இருக்கின்றன, மனிதன் மோதினாலும் அசையாது. அவற்றில் பழகுவதை விட இரண்டு செங்கல் அடுக்கின் மேல் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைச் சும்மா வைத்துப் பழகுவது எவ்வளவோ மேல்.

உயரம் மாறும் வருடங்கள்

பையன்களுக்கு 18 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் தடை 91.4 சென்டிமீட்டர், 20க்கு உட்பட்டோரில் 99.1, அப்புறம் 106.7. ஒவ்வொரு படியும் ஏழெட்டு சென்டிமீட்டர் ஏறுகிறது. ஜூனியரில் மாநில அளவில் வென்ற பையன்கள் சீனியரில் காணாமல் போவது இங்கேதான். அவர்கள் 91.4ஐக் கிட்டத்தட்ட ஓடியே கடந்தவர்கள், ட்ரெயில் லெக்கைச் சரியாகக் கற்காமலே ஜெயித்தவர்கள். பையனுக்கு 16 வயதாகும்போதே வாரத்தில் ஒரு நாள் இடைவெளியைக் குறைத்து 99.1ல் இரண்டு மூன்று தடைகள் ஓட விடுங்கள், போட்டிக்காக இல்லை, இடுப்பு அந்த உயரத்தைப் பழகிக்கொள்ள. பெண்களுக்கு 76.2லிருந்து 83.8க்கு ஒரே ஒரு படிதான், 20 வயதுக்கு உட்பட்டோரிலேயே சீனியர் உயரம் வந்துவிடும், அவர்களுக்கு இந்த மாற்றம் இவ்வளவு கொடுமையாக இருக்காது.

இந்த வருடங்களில் டைமிங் பின்னால் போவது இயல்பு. பெற்றோர் அதைப் பார்த்துப் பயந்து கோச்சை மாற்றுவது நிறைய நடக்கிறது, தயவுசெய்து ஒரு முழு சீசன் பொறுங்கள்.

ஆனால் வளர்ந்த பிறகு இடம் மாற வேண்டி வந்தால் தயங்கவும் கூடாது. ஜோதி விசாகப்பட்டினத்தில் தொடங்கி, ஹைதராபாத்தில் இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் என். ரமேஷிடம் பயின்று, குண்டூர் போய், பிறகு புவனேஸ்வரில் ஒடிசா ரிலையன்ஸ் மையத்தில் ஜேம்ஸ் ஹில்லியரிடம் சேர்ந்தார். அப்பா காவலாளி, அம்மா வீட்டு வேலையும் மருத்துவமனையில் துப்புரவு வேலையும் பார்த்தவர். ஒவ்வொரு கட்டத்திலும் அரசு விடுதி, மையம் என்று ஏதோ ஒன்றின் வழியாகத்தான் அடுத்த கட்டம் திறந்தது. தமிழ்நாட்டில் அந்த வழி விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தொடங்குகிறது. பள்ளி வழியாக மாவட்ட, மாநிலப் போட்டிகள், தடகள சங்கம் வழியாக மாவட்டங்களுக்கு இடையிலான தேசிய ஜூனியர் போட்டி, இந்த இரண்டு பாதையிலும் பிள்ளையின் பெயர் இருக்கட்டும். ஒன்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கணக்கில் சேரும் ஓட்டம்

இனி யாரும் சொல்லித் தராத பாதி. உலக சாம்பியன்ஷிப்புக்கோ ஒலிம்பிக்குக்கோ இரண்டு வாசல்கள். ஒன்று, தகுதி நேரத்தை ஓட வேண்டும். 2024 பாரிஸுக்கு அது பெண்களுக்கு 12.77, ஆண்களுக்கு 13.27. இரண்டாவது, உலகத் தரவரிசைப் புள்ளிகள், உங்களுடைய சிறந்த ஐந்து ஓட்டங்களின் சராசரி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரத்துக்கான புள்ளி, அதோடு அந்தப் போட்டியின் தரத்தையும் நீங்கள் வந்த இடத்தையும் பொறுத்துக் கூடுதல் புள்ளி. பெரிய போட்டியில் வென்றால் கூடுதல் புள்ளி நிறைய, உள்ளூர் மீட்டில் வென்றால் சொற்பம்.

ஜோதியின் சிறந்த நேரம் 12.78, 2023 ஆகஸ்டில் செங்டுவில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் ஓடியது. 2024 மே மாதம் ஃபின்லாந்தின் யுவாஸ்கிலாவில் மறுபடியும் அதே 12.78. பாரிஸ் தகுதி நேரத்துக்கு ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு குறை! நேரத்தை மட்டும் நம்பியிருந்தால் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்க வேண்டியதுதான். ஆனால் அவர் 2023 பாங்காக் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 13.09 ஓடித் தங்கம் வென்றிருந்தார், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி, 2024 தெஹ்ரான் ஆசிய உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டர் ஹர்டில்ஸ் தங்கம். தரவரிசை வழியாகப் பாரிஸ் போனார், ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடிய முதல் இந்தியப் பெண்ணானார். பாங்காக்கில் ஓடிய 13.09 பெரிய நேரம் இல்லை, ஆனால் ஆசிய சாம்பியன் என்ற இடத்துக்குக் கிடைக்கும் புள்ளி பெரியது. எந்தப் போட்டிக்குப் போவது என்று திட்டமிடுவது பயிற்சித் திட்டம் போடுவதற்குச் சமமான வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஒரு மீட்டுக்குப் பெயர் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். காற்று அளக்கும் கருவி இருக்குமா? எலெக்ட்ரானிக் டைமிங்கா, கையில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பார்களா? ரிசல்ட் உலகத் தடகள அமைப்பின் பட்டியலில் ஏறுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் உடம்பைத் தயார் செய்து முழு வேகத்தில் போங்கள். இல்லை என்றால் அதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள், உள்ளூர் மீட்டில் வருவது அனுபவமும் கோப்பையும்தான். ஸ்டாப்வாட்ச் நேரத்தை வைத்துக்கொண்டு தேசியத் தகுதியை எட்டிவிட்டோம் என்று நம்பி, சென்னை நேரு ஸ்டேடியத்தில் எலெக்ட்ரானிக் டைமிங்கில் கால் விநாடி கூடுதலாக வந்ததும் மனம் உடைந்து போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. கை டைமிங் எப்போதும் குறைவாகத்தான் காட்டும், முதலிலேயே 0.24 விநாடியைக் கூட்டிக்கொண்டு உண்மையைப் பாருங்கள்.

ஐரோப்பாவுக்கு ஏன் போகிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். மே முதல் ஜூலை வரை அங்கே வாரத்துக்கு ஒரு நல்ல மீட் கிடைக்கும், வெயில் இதமாக இருக்கும், பக்கத்து லேனில் உங்களை விட வேகமானவர் ஓடுவார். தேஜஸ் ஷிர்சே ஆண்கள் தேசிய சாதனையான 13.41ஐ ஓடியது 2024இல் அதே யுவாஸ்கிலாவில்தான், அதற்கு முன் சித்தாந்த் திங்கலயாவின் 13.48 இருந்தது.

கோட்டில் நிற்கும்போது

துப்பாக்கிச் சத்தத்துக்கு 0.1 விநாடிக்குள் அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், ஒரே முறையில் வெளியே. அமெரிக்காவில் நடந்த 2022 உலக சாம்பியன்ஷிப் ஃபைனலில் அந்நாட்டின் டெவன் ஆலன் 0.099க்கு அசைந்ததாகக் கருவி சொன்னதால் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் ஓடாமல் வெளியேறினார். எனவே பயிற்சியில் யாராவது வேறு வேறு நேர இடைவெளி விட்டு விசில் ஊதட்டும், ஒரே தாளத்தில் ஊதினால் பிள்ளை சத்தத்தைக் கேட்காமல் எண்ணிக்கையில் ஓடப் பழகிவிடும்.

தவறு உங்கள் பக்கம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் கோபித்துக்கொண்டு தடத்தை விட்டுப் போகாதீர்கள். ஹாங்சோவில் சீனாவின் வூ யான்னி முன்கூட்டியே பாய, பக்கத்து லேனில் இருந்த ஜோதிக்கும் அதிகாரிகள் சிவப்பு அட்டை காட்டினார்கள். ஜோதி வெளியேறாமல் நின்று வாதாடினார், கடைசியில் இருவரையும் ஆட்சேபனையோடு ஓட அனுமதித்தார்கள். மூன்றாவதாக வந்தார். பிறகு வூ தகுதி நீக்கம் செய்யப்பட, வெண்கலம் வெள்ளியானது. அந்த நிமிடத்தில் அவ்வளவு நிதானமாக நின்றதை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. ஆட்சேபனை எழுத்து மூலம் தர ரிசல்ட் அறிவித்ததிலிருந்து முப்பது நிமிடம்தான் உண்டு என்பதை உங்களோடு வரும் மேனேஜருக்கும் நினைவூட்டுங்கள்.

தடையைத் தட்டி விட்டால் தகுதி நீக்கமா என்ற கேள்வி ஒவ்வொரு பெற்றோரும் கேட்பது. கையாலோ உடம்பாலோ முன்னால் போகும் காலின் மேல்பக்கத்தாலோ தள்ளாத வரை இல்லை, பத்தையும் தட்டினாலும் ஓட்டம் செல்லும், வேகம்தான் போகும். ஆனால் கால் தடைக்கு வெளியே, மேற்கட்டையின் மட்டத்துக்குக் கீழே போனால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பக்கத்து லேன்காரரின் ஓட்டத்தைக் கெடுத்தாலும் அப்படித்தான், 2011 டேகு உலக சாம்பியன்ஷிப்பில் ரோப்ளெஸின் கை சீனாவின் லியூ சியாங்கின் கையில் பட்டதால் ரோப்ளெஸின் தங்கம் பறிபோனது.

விழுவீர்கள். அது இந்த ஓட்டத்தில் எழுதி வைத்தது. ஜாஸ்மின் கமாச்சோ குயின் ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில் தடையில் இடித்துத் தகுதி இழந்து தடத்திலேயே அழுதார், அடுத்த ஒலிம்பிக்கில் டோக்கியோவில் 12.37 ஓடிப் போர்ட்டோ ரிக்கோவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். கெண்ட்ரா ஹாரிசன் 2016இல் அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் ஆறாவதாக வந்து ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தார், இரண்டே வாரத்தில் லண்டனில் 12.20 ஓடி 1988லிருந்து நின்ற உலக சாதனையை முறியடித்தார். விழுந்த அன்றே, காயம் இல்லை என்றால், இரண்டு தாழ்ந்த தடைகளையாவது தாண்டிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள், பயத்தோடு தூங்கப் போகக் கூடாது.

மருந்து, காயம்

சளி இருமலுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சிரப்புகளில் பலவற்றில் டெர்பூட்டலின் இருக்கிறது, அது தடை செய்யப்பட்ட பட்டியலில் உள்ளது. பிள்ளை மாநில அளவுக்கு வந்துவிட்டால் எந்த மருத்துவரிடம் போனாலும் இவர் தடகள வீரர் என்று முதலிலேயே சொல்லுங்கள், மருந்தின் உட்பொருள் பெயரைத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஜிம்மில் யாரோ தருகிற டப்பா பவுடர், ஊசி, எதுவும் வேண்டாம், யார் தந்தாலும் வேண்டாம். இன்னும் மேலே போனால் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய பட்டியலில் பெயர் சேரும், 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் ஊக்கமருந்து எடுக்காமலேயே தடை வரும். ரியோ ஒலிம்பிக் சாம்பியன் பிரியானா ரோலின்ஸே இப்படி ஒரு வருடம் இழந்தார்.

காயத்தில் தொடையின் பின்தசை, குதிகால் நாண், உந்தும் காலின் முழங்கால், இந்த மூன்றும்தான் ஹர்டிலர்களை அதிகம் பிடிப்பவை. லியூ சியாங் 2004 ஏதென்ஸில் 12.91, 2006இல் லோசானில் 12.88 என்று உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர், குதிகால் நாண் காயத்தால் 2008 பெய்ஜிங்கில் ஓட முடியாமல் போனார், 2012 லண்டனில் முதல் தடையிலேயே விழுந்தார். ஜோதியும் 2025 மே மாதம் குமியில் 12.96 ஓடி ஆசியப் பட்டத்தைத் தக்க வைத்த சில வாரங்களிலேயே முழங்கால் காயத்தால் சீசனை இழந்தார். குதிகால் காலையில் எழுந்ததும் விறைப்பாக இருந்தால் அன்று ஸ்பைக்ஸ் போட விடாதீர்கள். வலியோடு ஓடுவது வீரம் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பணமும் படிப்பும்

ஸ்பைக்ஸ், உணவு, பயணம், பிசியோ என்று செலவு இருக்கும், ஆனால் வாசல்களும் இருக்கின்றன. கேலோ இந்தியாவில் தேர்வானால் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு, ஒலிம்பிக் இலக்குத் திட்டமான டாப்ஸின் முதன்மைப் பிரிவில் வந்தால் மாதம் 50,000, தமிழ்நாட்டில் எலைட், மிம்ஸ், சி.டி.எஸ். என்று மூன்று அடுக்குத் திட்டங்கள். ரயில்வே, வருமான வரி, காவல்துறை, ராணுவம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் உண்டு. எல்லாவற்றுக்கும் அவர்கள் கேட்பது சான்றிதழும் ரிசல்ட் தாளும்தான், முதல் மாவட்டப் போட்டியிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், பிறந்த தேதி எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

இன்னொரு பாதை அமெரிக்கக் கல்லூரி. அமுசான் டெக்சாஸ் எல் பாசோ பல்கலைக்கழகம், ஹாரிசன், கமாச்சோ குயின், பாரிஸில் 12.33 ஓடித் தங்கம் வென்ற மசாய் ரஸ்ஸல் மூவரும் கென்டக்கி, 2024 ஒலிம்பிக் சாம்பியன் கிராண்ட் ஹாலோவே ஃபுளோரிடா. எல்லாரும் கல்லூரி அணியில் ஓடி வளர்ந்தவர்கள். பிளஸ் ஒன் படிக்கும்போதே தொடங்க வேண்டும், பள்ளி முடித்து வருடங்கள் கடந்தால் தகுதி குறைந்துகொண்டே போகும். ஆங்கிலத் தேர்வுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் படித்து, எலெக்ட்ரானிக் நேரங்களையும் காற்று அளவையும் எழுதி, பக்கவாட்டில் எடுத்த ஒரு முழு ஓட்ட வீடியோவை இணைத்து, ஹர்டில்ஸ் கோச்சுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். இடைத்தரகர்களுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை, கோச்சுகளின் முகவரிகள் பல்கலைக்கழகத் தளங்களிலேயே இருக்கின்றன. பெண்ணுக்கு 13.8க்குள், பையனுக்கு சீனியர் தடையில் 14.3க்குள் வந்துவிட்டால் பதில் வர நல்ல வாய்ப்பு உண்டு என்பது என் கணிப்பு. அந்த அளவுக்கு இன்னும் வராதவர்கள் மதிப்பெண்ணை விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் படிப்புக்கான உதவித்தொகையோடு சேர்த்துக் கேட்கலாம், பலர் அப்படித்தான் உள்ளே போகிறார்கள்.